பறக்காத விமானத்தின் எடை

அளவு மாதிரி என்பது ஒரு பொருளின் நீளங்கள் அனைத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்த வடிவம். விமான மாதிரிகளில் 1/72, 1/48, 1/32 ஆகிய விகிதங்களே பெரிதும் வழக்கில் உள்ளன. உண்மையில் பறந்த விமானம் ஒன்றைச் சுருக்குபவருக்கு அதன் வரைபடங்களும் புகைப்படங்களும் அருங்காட்சியகங்களில் எஞ்சியிருக்கும் உடல்களும் வழிகாட்டுகின்றன; ஐயம் எழுந்தால் நேரில் போய் அளந்து பார்க்கவும் முடியும். ஒருபோதும் கட்டப்படாத, கற்பனையில் மட்டும் இருக்கும் பழங்காலப் பயிற்சி விமானம் ஒன்றுக்கு மாதிரி செய்பவருக்கு அந்த வசதி கிடையாது. இறக்கை எவ்வளவு நீளம், சக்கரம் எங்கே நிற்க வேண்டும், வால் எவ்வளவு பெரியது என்ற ஒவ்வொரு கேள்விக்கும் அவர் இயற்பியலிடமும், அந்த விமானம் பிறந்திருக்கக்கூடிய ஊரின் வரலாற்றிடமும்தான் விடை பெற்றாக வேண்டும். ஆகவே கற்பனை விமானம் என்பது கட்டுப்பாடற்ற விளையாட்டு என்ற எண்ணம் பிழையானது. அது எழுதப்பட்ட விடை இல்லாத ஒரு பொறியியல் கணக்கு.

அந்தக் கணக்கைச் செய்து பார்க்க டொராண்டோவைவிடப் பொருத்தமான நகரம் கனடாவில் இல்லை. மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் உள்ள அஜின்கோர்ட் இன்று தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் வாழும் இடம். அதை ஊடறுத்துச் செல்லும் ஷெப்பர்ட் சாலையில் மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால் டவுன்ஸ்வியூ வருகிறது. 1928-இல் தொடங்கப்பட்ட டி ஹாவிலாண்ட் கனடா நிறுவனம் 1929-இல் அங்கே குடியேறி, பயிற்சி விமானங்களில் தொடங்கிப் புகழ்பெற்ற பனிக்காட்டு விமானங்கள் வரை அங்கேயே கட்டியது. அந்த வளாகத்தின் ஓடுபாதை 2024-இல்தான் மூடப்பட்டது. அதற்கும் முன்னதாக, முதல் உலகப் போரின்போது, கனேடியன் ஏரோபிளேன்ஸ் என்ற நிறுவனம் டொராண்டோவில் ஜேஎன்-4 கனக் எனப்பட்ட இரட்டை இறக்கைப் பயிற்சி விமானங்களை 1,200-க்கு மேல் கட்டியிருந்தது. 1917-இல் லீசைட், ஆர்மர் ஹைட்ஸ் முதலிய திடல்களில் மாணவர்கள் அவற்றில்தான் பறக்கக் கற்றனர். இரண்டாம் உலகப் போரில், 1939 டிசம்பர் 17 அன்று கையெழுத்தான பிரித்தானிய பொதுநலவாய வான்பயிற்சித் திட்டத்தின் கீழ், 1,31,553 விமானிகளும் பிற வான்பணியாளர்களும் கனடாவில் பயிற்சி முடித்தனர். அத்திட்டத்தின் முதலாம் எண் தொடக்கநிலைப் பறத்தல் பள்ளி அமைந்த மால்டன் திடலே இன்றைய பியர்சன் விமான நிலையம். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழர்களில் மிகப் பலர் முதன்முதலில் கால் பதித்த மண் அது.

இந்தத் தலைமுறைகளின் பயிற்சி விமானங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பயிற்சி விமானத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது வேகமோ உயரமோ அன்று, மாணவர் செய்யக்கூடிய பிழையே என்பது புலப்படும். போர் விமானத்தை வடிவமைப்பவர் திறமையான விமானியை மனத்தில் வைத்துக்கொள்கிறார். பயிற்சி விமானத்தை வடிவமைப்பவரோ தரையிறங்கும்போது மூக்கை அளவுக்கு மீறி உயர்த்துபவரையும், பிரேக்கைச் சட்டென அழுத்துபவரையும், பதற்றத்தில் தவறான மிதிகட்டையை மிதிப்பவரையும் மனத்தில் வைத்துக்கொள்கிறார். டவுன்ஸ்வியூவில் 1,500-க்கு மேல் கட்டப்பட்ட டைகர் மாத் 82சி வகை இதற்கு நல்ல சான்று. இங்கிலாந்தில் திறந்த இருக்கைகளோடு பறந்த அதே விமானத்துக்குக் கனடாவின் குளிர்காலம் மூடிய கண்ணாடிக் கூரையும், வெப்பமூட்டியும், தேவையானால் சக்கரத்துக்குப் பதில் பனிச்சறுக்குப் பட்டைகளும் தந்தது. வாலின் அடியில் இருந்த சறுக்குக் கட்டைக்கு மாற்றாகச் சிறு சக்கரம் வந்தது. முன்சக்கரங்களுக்குப் பிரேக் வந்தது. பிரேக் வந்ததும் சக்கரக் கால்களை முன்னோக்கிச் சாய்க்க வேண்டியதாயிற்று. ஏனெனில் சக்கரம் சட்டென நிற்கும்போது விமானத்தின் நிறை முன்னோக்கித் தள்ள, சக்கரம் தரையைத் தொடும் புள்ளி ஈர்ப்பு மையத்துக்கு மிக அருகில் இருந்தால் விமானம் மூக்கு குப்புற விழும். ஒரு மாற்றம் இன்னொரு மாற்றத்தை இழுத்து வருவது இவ்வாறுதான். கற்பனை விமானத்தைச் செய்பவர் பின்பற்ற வேண்டிய சங்கிலியும் இதுவே.

இனிக் கற்பனைக்கு ஓர் ஆண்டு வேண்டும். 1938 என்று கொள்ளலாம்: டவுன்ஸ்வியூ தொழிற்சாலை, டைகர் மாத்தின் இரட்டை இறக்கையை விட்டுவிட்டு, உடலின் கீழ்ப்புறம் ஒற்றை இறக்கை கொண்ட இரு இருக்கைப் பயிற்சி விமானம் ஒன்றை முயன்றிருந்தால் அது எப்படி இருந்திருக்கும் என்பதே கேள்வி. இது வெறும் ஆசைக் கனவன்று. டி ஹாவிலாண்டின் இங்கிலாந்துத் தாய் நிறுவனமே 1937-இல் மாத் மைனர் என்ற தாழ்இறக்கை விமானத்தைப் பறக்கவிட்டிருந்தது. டவுன்ஸ்வியூவில் இதே எண்ணம் 1946 மே 22 அன்று, போலந்திலிருந்து வந்த பொறியாளர் யாக்கிமியுக் வடிவமைத்த சிப்மங்க் விமானமாக வானேறியது. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நம் கற்பனை விமானம் அமர்கிறது.

முதல் எண் எடை. இருவர், எரிபொருள், 130 குதிரைத்திறன் ஜிப்சி மேஜர் எஞ்சின், மரச்சட்டம், துணிப்போர்வை எல்லாம் சேர்ந்து 850 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், டைகர் மாத்துக்கும் சிப்மங்க்குக்கும் இடையில் அது நியாயமாகப் பொருந்துகிறது. அடுத்தது இறக்கைச் சுமை, அதாவது இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் தாங்க வேண்டிய எடை. டைகர் மாத்தில் அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 37 கிலோகிராம், சிப்மங்கில் ஏறத்தாழ 57. நம் விமானத்துக்கு 50 என்று கொண்டால் 17 சதுர மீட்டர் இறக்கை தேவைப்படும். இந்த ஒற்றை எண்ணிலிருந்து தூக்கிழப்பு வேகம் பிறக்கிறது. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் மிகையாகும்போது மேற்பரப்பைத் தழுவி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு விலகி, தூக்கு விசை சரிவதைத் தூக்கிழப்பு என்கிறோம். கடல்மட்டக் காற்றின் அடர்த்தியும் எளிய இறக்கையின் உச்சத் தூக்குக் கெழுவாக 1.5-உம் கொண்டு கணக்கிட்டால், அது மணிக்கு ஏறத்தாழ 83 கிலோமீட்டர் வேகத்தில் நிகழும். புதிதாகக் கற்பவர் கையாளத்தக்க வேகம்தான். இறக்கைப் பரப்பைப் பாதியாக்கி, பார்வைக்கு விறுவிறுப்பான ஒரு வடிவத்தை மாதிரியில் தந்துவிட்டால் அந்த வேகம் 117 ஆகிவிடும்; அத்தகைய விமானத்தை எந்தப் பள்ளியும் முதல் பாடத்துக்கு எடுத்திருக்காது. கற்பனை மாதிரிகள் பலவற்றில் காணப்படும் குறை இதுவே: அவை அழகாக இருக்கின்றன, ஆனால் மாணவரைக் கொல்லக்கூடியவை.

இறக்கை விரிவு 10 மீட்டர் என்றால் சராசரி அகலம் 1.7 மீட்டர். ஈர்ப்பு மையம் அந்த அகலத்தின் முன்விளிம்பிலிருந்து கால் பங்குக்குச் சற்றுப் பின்னே அமைய வேண்டும். அதற்கு வெகு பின்னால் போனால் விமானம் தன் மூக்கைத் தானே நிமிர்த்திக்கொண்டே போகும். கிடைவால், அதாவது வாலின் இருபுறமும் கிடையாக நீளும் சிறு இறக்கை, ஈர்ப்பு மையத்திலிருந்து 4.5 மீட்டர் தள்ளி இருந்தால், வழக்கமான நிலைப்புக் கெழுவின்படி அதன் பரப்பு 3.2 சதுர மீட்டர் அளவில் வருகிறது. சக்கரமும் இதே மையத்துக்குக் கட்டுப்பட்டது. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருந்து, சக்கரம் தொடும் புள்ளி அதற்கு முன்னே ஏறத்தாழ 16 பாகைக் கோணத்தில் அமைய வேண்டுமானால், கிடைத்தூரம் 37 சென்டிமீட்டர். 1/48 விகிதத்தில் அது வெறும் 8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மாதிரியில் சக்கரத்தை இரண்டு மில்லிமீட்டர் பின்தள்ளி ஒட்டினால் உண்மை விமானத்தில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் பின்தள்ளியதாகும், மேலே சொன்ன குப்புற விழும் ஆபத்தும் திரும்பி வரும்.

இருக்கைகளைப் பற்றிய முடிவு இன்னும் நுட்பமானது. ஆசிரியரும் மாணவரும் ஒருவர் பின் ஒருவராக அமரும் விமானத்தில், மாணவர் தனியே பறக்கும் நாளில் ஓர் இருக்கை காலியாகிவிடும்; அந்த 75 கிலோ நீங்கினாலும் ஈர்ப்பு மையம் நகரக் கூடாது. எனவே காலியாகக்கூடிய இருக்கையை ஈர்ப்பு மையத்தின் மேலேயே வைப்பது வழக்கம். டைகர் மாத்தில் முன்னிருக்கை அங்கே இருந்ததால் ஆசிரியர் முன்னே அமர்ந்தார். மாணவர் தனியே பறக்கும்போது பின்னிருக்கையிலேயே இருந்து பறந்தார். சிப்மங்கில் இது தலைகீழானது: தனியே பறப்பவர் முன்னே அமர்ந்தார், பார்வையும் தெளிவாகக் கிடைத்தது. ஆகவே 1938-இன் கற்பனை விமானத்தில் எந்த இருக்கையில் பொம்மை விமானியை உட்கார வைப்பது என்பது அலங்காரக் கேள்வியன்று. இறக்கை உடலோடு சேரும் இடத்தையே அது மாற்றிவிடும்.

இவ்வளவு நிபந்தனைகள் கூடி அழுத்தும்போது வடிவம் தானாகவே குறுகிய எல்லைக்குள் வந்து நிற்கிறது என்பதற்கு இந்தியாவிலிருந்தே ஒரு சான்று உண்டு. பெங்களூரில் வி. எம். காட்டகே தலைமையில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் வடிவமைத்து 1951 ஆகஸ்டில் முதன்முறை பறந்த எச்டி-2, தாழ்ந்த ஒற்றை இறக்கை, ஒன்றன்பின் ஒன்றாக இரு இருக்கை, நீண்ட மெல்லிய மூக்கில் வரிசை எஞ்சின், மடங்காத சக்கரக் கால் என்று சிப்மங்கின் உறவினர் போலவே தோன்றுகிறது. அதன் இறக்கை விரிவு 10.72 மீட்டர், சிப்மங்கினுடையது ஏறத்தாழ 10.46 மீட்டர். டவுன்ஸ்வியூவும் பெங்களூரும் ஒரே கேள்வியைக் கேட்டதால் ஒரே மாதிரியான விடைக்கு வந்தன. நம் கற்பனை விமானத்தின் விரிவு இவற்றோடு ஒத்துப்போவது வெறும் நகலெடுப்பால் வந்ததன்று, கணக்கின் போக்கால் வந்தது.

அளவைச் சுருக்கும்போது எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை. நீளம் 48-இல் ஒரு பங்கானால் பரப்பு 2,304-இல் ஒரு பங்காகவும், பருமன் 1,10,592-இல் ஒரு பங்காகவும் ஆகிறது. அந்தக் கணக்கில் 850 கிலோ விமானத்தின் 1/48 மாதிரி 7.7 கிராம் எடை இருக்க வேண்டும். பிளாஸ்டிக் மாதிரி எதுவும் அவ்வளவு இலேசாக இருப்பதில்லை. காற்றோட்டமும் அப்படியே. காற்றின் உந்தத்துக்கும் பிசுக்குமைக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்கும் ரெனால்ட்ஸ் எண், வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் பறக்கும் உண்மை இறக்கைக்கு 45 இலட்சம். மேசை விசிறியின் முன்னால், வினாடிக்கு 10 மீட்டர் காற்றில் வைத்த 35 மில்லிமீட்டர் அகல மாதிரிக்கு ஏறத்தாழ 23,000 மட்டுமே. ஆகையால் வடிவம் சரியாக இருந்தாலும் சிறு மாதிரி உண்மை விமானத்தைப் போலப் பறக்காது. பொறியாளர்கள் இதை அறிந்தே வேறு வழிகளைக் கண்டனர். சுழன்றுகொண்டே விழும் சுழல்வீழ்ச்சியை ஆராய, மேல்நோக்கிக் காற்று வீசும் செங்குத்துக் காற்றுக்குகைகளில், நிறையும் நிறைப் பரவலும் அளவுக்கேற்பச் சரிசெய்யப்பட்ட மாதிரிகளை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1930-களிலேயே சுழலவிட்டனர். டொராண்டோவுக்கு அருகிலேயே இதைவிட வியப்பான நிகழ்வு ஒன்று உண்டு. மால்டனில் இருந்த ஆவ்ரோ கனடா நிறுவனம் ஆரோ விமானத்தைக் கட்டுமுன், 1/8 அளவிலான மாதிரிகளை ஏவுகணைகளின் முனையில் பொருத்தி, ஒன்டாரியோ ஏரியின் கரையில் உள்ள பாயின்ட் பெட்ரியிலிருந்து 1950-களின் நடுவில் ஏவியது. 1958 மார்ச் 25 அன்று உண்மையான ஆரோ வானேறும் முன்னரே அந்த மாதிரிகள் ஏரியின் அடியில் கிடந்தன. அவ்வரிசையின் தொடக்கக்கால மாதிரி ஒன்று 2018-இல் மீட்கப்பட்டது. இன்னும் இல்லாத விமானத்துக்கு மாதிரி செய்வது பொழுதுபோக்கின் கண்டுபிடிப்பு அன்று, விமானவியலின் அன்றாடத் தொழில்.

கணக்கு முடிந்தபின் வேலை மேசைக்கு வருகிறது. கனடாவின் நீண்ட குளிர்காலத்தில் வீட்டு நிலவறையில் வைத்த மேசையே பலருக்குப் பட்டறை. ஸ்டைரீன் எனப்படும் பிளாஸ்டிக் தகட்டையும், இறக்கைக்கு உள்ளீடாகப் பால்சா மரத்தையும் கொண்டு 1/48-இல் செய்தால் இறக்கை விரிவு 208 மில்லிமீட்டர். முதலில் தடுமாற வைப்பது பின்விளிம்பு. அரை மில்லிமீட்டர் தகடு உண்மை அளவில் 24 மில்லிமீட்டர் தடிப்பு ஆகிறது. உண்மை விமானத்தின் பின்விளிம்போ மெல்லிய பட்டை. ஆகவே இறக்கையின் கீழ்த்தகட்டை உட்புறமிருந்து உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, விளிம்பில் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்கிய பின்னரே மேல்தகட்டை ஒட்ட வேண்டும்.

இறக்கைக்கு இரண்டு கோணங்கள் தேவை. முனைகள் 5 பாகை மேல்நோக்கிச் சாய்ந்தால் முனை, வேரைவிட 9 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும்; விமானம் ஒரு பக்கம் சரிந்தால் தானாக நிமிர்வதற்கு இச்சாய்வு உதவுகிறது. இன்னொன்று முனைத் திருகல்: இறக்கை முனை, வேரைவிட இரண்டு பாகை குறைவான கோணத்தில் காற்றைச் சந்திக்குமாறு மெல்ல முறுக்கப்பட்டிருக்கும். இதனால் தூக்கிழப்பு வேரில் தொடங்குகிறது. முனையில் உள்ள சாய்வுத் துடுப்புகள் இறுதிவரை வேலை செய்கின்றன. மாணவருக்குப் பிழையைத் திருத்த நேரம் கிடைக்கிறது. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள மாதிரி முனையில் இத்திருகல் 0.9 மில்லிமீட்டர்தான். பார்ப்பவர் எவரும் அதைத் தனியே கவனிக்க மாட்டார்; ஆனால் அது இல்லாத இறக்கை தட்டையாகவும் உயிரற்றும் தெரியும்.

துணிப்போர்வையில்தான் திறமையான கைகளும் தவறுகின்றன. இறக்கைச் சட்டங்களின் மேல் இழுத்துக் கட்டிய துணிக்கு டோப் எனப்படும் பூச்சு தடவும்போது அது காய்ந்து சுருங்கி விறைத்துக்கொள்கிறது. சட்டங்களுக்கு இடையே அது தொய்வது சில மில்லிமீட்டர் மட்டுமே. 3 மில்லிமீட்டர் தொய்வு 1/48-இல் 0.06 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அடுக்குப் பூச்சின் தடிப்பு. பல மாதிரிகளில் காணப்படும் ஆழமான பள்ளங்கள் உண்மை விமானத்தில் இருந்திருந்தால், துணி கிழியும் நிலைக்கு வந்துவிட்டதென்று பழுதுபார்ப்பவர் அதைப் பறக்கவிடாமல் நிறுத்தியிருப்பார். ஆகவே இங்கே சட்டத்தைக் காட்ட வேண்டியது பள்ளத்தால் அன்று. சட்டத்தின் மேல் தைத்து ஒட்டிய துணிப்பட்டையைக் குறிக்கும் 0.8 மில்லிமீட்டர் அகல நாடாவை ஒட்டி, அதன் மேல் பிரைமரை மெலிதாகப் பூசித் தேய்த்தால் போதும்.

நிறம் மஞ்சள் என்றே கொள்ளலாம்: அடுத்த ஆண்டில் வந்த பொதுநலவாயத் திட்டத்தின் பயிற்சி விமானங்கள் தொலைவிலிருந்தே கண்ணில் படுமாறு மஞ்சளாகப் பூசப்பட்டிருந்தன. மஞ்சள் நிறமி பெரும்பாலும் நீலத்தை மட்டும் உறிஞ்சிக்கொண்டு மற்ற ஒளியைத் திருப்பிவிடுவதால் அடியில் உள்ள கருமையை மறைக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. சாம்பல் பிரைமரின் மேல் பூசினால் பச்சை கலந்த அழுக்கு மஞ்சள் வரும். எனவே அடியில் வெள்ளை அல்லது வெளிர் இளஞ்சிவப்பு பூசி, அதன்மேல் ஏர்பிரஷால் மஞ்சளை மெல்லிய அடுக்குகளாக ஏற்றுவதே சரி. மாதிரிகளுக்கு நிறத்தைச் சற்று வெளிறச் செய்ய வேண்டும் என்ற பரவலான வழக்கத்துக்கு, இடையில் உள்ள காற்று நிறத்தை மங்கச் செய்கிறது என்ற விளக்கம் சொல்லப்படுகிறது. இந்த விளக்கம் நிற்காது: 40 சென்டிமீட்டர் தொலைவில் பார்க்கும் 1/48 மாதிரி, 19 மீட்டர் தொலைவில் நிற்கும் உண்மை விமானத்துக்கு ஒப்பு, அந்தத் தூரத்தில் காற்று எதையும் மங்கச் செய்வதில்லை. ஒரே நிறம் பெரிய பரப்பில் கூடுதல் ஒளியோடும், சிறிய பரப்பில் சற்று இருண்டும் தோன்றும் என்ற பார்வை இயல்பே வழக்கத்தின் உண்மையான அடிப்படை. எனவே வெளிறச் செய்வது சரி. ஆனால் வெள்ளையைக் கொட்டுவது சரியன்று.

எஞ்சினில் இறுதியாக ஒரு சோதனை உண்டு. ஜிப்சி மேஜரின் நான்கு உருளைகளும் சுழல்தண்டின் கீழே தலைகீழாகத் தொங்குவதால் சுழலி உயரமாக அமைந்து தரையிலிருந்து விலகி நிற்கிறது. மூக்கின் மேற்புறம் தாழ்ந்து முன்பார்வையும் கிடைக்கிறது. இதன் சுழலி, இருக்கையிலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுழல்கிறது. பெரும்பாலான அமெரிக்க எஞ்சின்கள் வலஞ்சுழியாகச் சுழல்வதால், அத்தகைய எஞ்சின் கொண்ட ஹார்வர்டு போன்ற விமானத்தின் பெட்டித் தொகுப்பிலிருந்து சுழலியை எடுத்துப் பொருத்தினால் அதன் தகடுகள் எதிர்த்திசையில் முறுக்கியிருக்கும். அந்த விமானம் பின்னோக்கித்தான் இழுக்கும்.

பெயரும் காலத்துக்கு உட்பட்டதே. தாய் நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப்ரி டி ஹாவிலாண்ட் வண்ணத்துப்பூச்சிகளிலும் அந்துப்பூச்சிகளிலும் ஆர்வம் கொண்டவர் என்பதால் போருக்கு முந்தைய சிறு விமானங்கள் அந்துப்பூச்சிப் பெயரைத் தாங்கின. போருக்குப் பின் டவுன்ஸ்வியூ தன் விமானங்களுக்கு சிப்மங்க், பீவர், ஆட்டர், கரிபூ எனக் கனடாவின் விலங்குகளின் பெயர்களை வைத்தது. 1938 விமானத்துக்கு விலங்குப் பெயர் பொருந்தாது. பதிவெழுத்துகளும் அப்படியே: சிப்மங்கின் முதல் விமானம் சிஎஃப்-டிஐஓ-எக்ஸ் என்ற குறியோடு பறந்தது, கடைசி எழுத்து சோதனை விமானத்தைக் குறித்தது. கற்பனை விமானமும் சோதனை நிலையிலேயே நின்றுவிட்டதென்று கொண்டு அதே கடைசி எழுத்தை இறக்கையில் ஏற்றலாம். ஆனால் வேறு எந்த விமானத்துக்கும் வழங்கப்படாத எழுத்துக்கூட்டைத் தேர்வது கடமை. மாதிரியின் அடிப்பலகையில் இது கற்பனை விமானம் என்பதையும், அதன் 850 கிலோ, 17 சதுர மீட்டர், மணிக்கு 83 கிலோமீட்டர் ஆகிய எண்களையும் பொறித்து வைப்பது, பின்னாளில் யாரேனும் அதைப் பழைய உண்மை விமானம் என்று நம்பி வரலாற்றில் சேர்த்துவிடாமல் தடுக்கும். கணக்கைச் சரிபார்க்க விரும்பும் அடுத்தவருக்கு வேண்டிய தரவும் அதுவே.